டிஜே பள்ளியின் வாசல் மாறிய கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில், தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘டிஜே’ என்றால் போதும். அந்தப் பக்கம் குடியிருக்கும் இந்தியக் குடும்பங்களில், தமிழர் வீடுகள் உட்பட, பிள்ளை மூன்றாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் இந்த இரண்டெழுத்து சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. இடம் கிடைப்பதுதான் பாடு.

1985இல் தொடங்கிய பள்ளி. 1988இல் ஒரு போட்டியில் ஜெயித்து சூப்பர் கம்ப்யூட்டரையே பரிசாக வாங்கி வந்த மாணவர்கள் இங்கே படித்தவர்கள். 2013இல் மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. யூ.எஸ். நியூஸ் பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிடும் அரசு உயர்நிலைப்பள்ளிகளின் தரவரிசையில் 2020, 2021, 2022 மூன்று ஆண்டும் நாட்டிலேயே முதலிடம். 2023இல் ஐந்தாமிடம், 2024இல் பதினான்காமிடம்.

இந்த இறக்கத்துக்கு ஊரில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: “அட்மிஷன் முறையை மாற்றினார்கள், தரம் போச்சு.” எதிர்த்தரப்புக்கும் ஒரு வரி உண்டு: “எல்லோருக்கும் கதவு திறந்தது, தரம் அப்படியே இருக்கிறது.” இரண்டு பேரும் எண்களைக் காட்டித்தான் பேசுகிறார்கள். எனக்கு டிஜே சுவாரசியமாகப் படுவது அதனால்தான். இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது கட்டடம், ஆசிரியர், பணம், அக்கம்பக்கம் எல்லாமே வேறு வேறாக இருக்கும், எது எதைச் செய்தது என்று பிரித்தெடுப்பது கடினம். இங்கே ஒரே கட்டடம், பெரும்பாலும் அதே ஆசிரியர்கள், அதே பாடத்திட்டம். ஓராண்டில் வாசல் மட்டும் மாறியது. கொரோனாவும் அதே சமயம் வந்து சேர்ந்தது என்பதால் சுத்தமான பரிசோதனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதைவிடத் தெளிவான ஒன்று எளிதில் கிடைக்காது.

பழைய வாசல்

2020 வரை நுழைவுத்தேர்வு இருந்தது. விண்ணப்பக் கட்டணம் 100 டாலர். கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் தேர்வு எழுதி, அதில் தேறியவர்கள் அடுத்த சுற்றில் கட்டுரை எழுதி, ஆசிரியர் பரிந்துரையும் வாங்கி வர வேண்டும். பயிற்சி மையங்கள் தழைத்தன. ஒரு மையம், தன்னிடம் படித்து டிஜேயில் இடம் பிடித்தவர்களின் பெயர்ப்பட்டியலையே இணையத்தில் போட்டது. பட்டியல் நூறைத் தாண்டியது. நம்மூரில் பள்ளி மதிலில் ஃபிளெக்ஸ் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கே மதில் திரையில் இருந்தது, அவ்வளவுதான்.

டிஜே இருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியோடு (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல) அக்கம்பக்கத்துப் பகுதிகள் சிலவற்றின் பிள்ளைகளும் இங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் வருபவர்களில் பெரும்பங்கு ரேச்சல் கார்சன், லாங்ஃபெல்லோ, ராக்கி ரன் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நடுநிலைப்பள்ளிகளிலிருந்து வந்தது. சில நடுநிலைப்பள்ளிகளிலிருந்து பல ஆண்டுகள் ஒருவர்கூட வரவில்லை.

2020இல் சேர்க்கை கிடைத்த பேட்ச், அதாவது 2024இல் படிப்பை முடித்தவர்கள், மொத்தம் 486 பேர். அதில் ஆசிய வம்சாவளியினர் 355, அதாவது 73 சதவீதம். வெள்ளையர் 17.7 சதவீதம். ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளின் வம்சாவளியினர், 16 பேர். கறுப்பின மாணவர்கள் எத்தனை என்று பட்டியலில் எண்ணே இல்லை. பத்துக்குக் கீழே இருந்தால் ஆளை அடையாளம் காண முடியும் என்று எண்ணை மறைத்துவிடுவது வழக்கம்.

மே மாத இறுதியில் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த வேளையில் இந்தப் பட்டியல் வெளிவந்தது. எண் இல்லாத அந்தக் கட்டம் எல்லோர் கண்ணிலும் பட்டது. பள்ளி முதல்வர் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளி முழுவதும் சேர்த்து 32 கறுப்பின மாணவர்கள், 47 ஹிஸ்பானிக் மாணவர்கள், எல்லோரும் மூன்று வகுப்பறைக்குள் அடங்கிவிடுவார்கள். கவுன்டியின் மாணவர் விகிதப்படி இருந்திருந்தால் 180 பேரும் 460 பேரும் இருந்திருக்க வேண்டும், ஏறத்தாழ 22 வகுப்பறைகள் நிறைந்திருக்கும் என்பது அதன் சாரம்.

உருக்கமான கணக்கு. ஆனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கணக்கு. கவுன்டியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளையும் கீழே வைத்து இது வகுக்கிறது. விண்ணப்பித்தவர்கள் யார், எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா முடித்தவர்கள் யார் என்று கீழெண்ணை மாற்றினால் விகிதமும் மாறும். கவுன்டி மாணவர்களில் ஆசியர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் டிஜே விண்ணப்பங்களில் பாதிக்கு அருகே. அப்படியென்றால் இடைவெளி டிஜே வாசலில் தொடங்கவில்லை. ஃபேர்ஃபாக்ஸில் முதல் இரண்டு வகுப்புகளிலேயே திறனறி தேர்வுகள் வைக்கிறார்கள். அதன் மதிப்பெண்ணையும் பார்த்து, மேல்நிலைப் பாடத்திட்டத்துக்கான பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலேயே தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். ஏழு வயதில் போட்ட கோடு பதினான்கு வயதில் டிஜே பட்டியலாக வெளியே தெரிகிறது. முதல்வரின் கணக்கு தவறு என்று சொல்ல வரவில்லை. கேள்வியை அது கடைசிப் படியில் மட்டும் கேட்டது.

அந்த ஆண்டுப் பட்டியலில் எனக்கு உறுத்தும் எண் இனம் சம்பந்தப்பட்டது அல்ல. 486 பேரில் பொருளாதாரத்தில் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர். 0.62 சதவீதம். இனம் பற்றி இவ்வளவு சத்தம் எழுந்த ஊரில் இந்த மூன்றைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

புதிய வாசல்

2020 அக்டோபரில் நுழைவுத்தேர்வை நீக்கினார்கள். கவுன்டிப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் முதலில் குலுக்கல் முறையை முன்வைத்தார், பள்ளி வாரியம் ஒப்புக்கொள்ளவில்லை. டிசம்பர் 17 அன்று வேறொரு திட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு நடுநிலைப்பள்ளியிலும் எட்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் 1.5 சதவீத இடங்கள் அந்தப் பள்ளிக்கே. குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி, நான்குக்கு 3.5, எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கட்டாயம். மாணவர் தன்னைப் பற்றி எழுதும் குறிப்பு ஒன்று, அறிவியல் கணிதச் சிக்கலைத் தீர்க்கும் கட்டுரை ஒன்று. நலிந்த குடும்பம், ஆங்கிலம் இப்போதுதான் கற்பவர், சிறப்புக் கல்வி பெறுபவர், டிஜேக்கு அதிகம் பிள்ளைகள் போகாத பள்ளியில் படிப்பவர் என்றால் கூடுதல் புள்ளிகள். மதிப்பிடுபவருக்கு மாணவரின் பெயரோ இனமோ தெரியாது, எண் மட்டும்தான் தெரியும்.

அந்த ஆண்டு 3,034 விண்ணப்பங்கள், முந்தைய ஆண்டைவிடச் சுமார் 500 கூடுதல். இடங்களும் 550 ஆயின. ஆசியர் 299 பேர், 54.36 சதவீதம். வெள்ளையர் 22.36, ஹிஸ்பானிக் 11.27, கறுப்பினத்தவர் 7.09 சதவீதம். நலிந்த குடும்பத்தினர் மூன்றிலிருந்து 138 ஆனார்கள், அதாவது கால் பங்கு.

இந்த 138 என்ற எண்ணையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. அமெரிக்கப் பள்ளிகளில் வறுமையை அளக்கும் கோல் மதிய உணவு. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த விலை. இந்தத் தகுதியைத்தான் ‘நலிந்த குடும்பம்’ என்று பட்டியலில் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் சத்துணவு அரசுப் பள்ளியில் கேட்கிற பிள்ளைக்கெல்லாம் கிடைக்கும், அதை வைத்து யார் ஏழை என்று பிரிக்க முடியாது. அமெரிக்காவில் அதையே அடையாளச் சீட்டாக்கிவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், அங்கேயும் ஏழைகள் நிறைந்த பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு என்ற திட்டம் 2010க்குப் பிறகு பரவியது. கொரோனா காலத்தில் நாடு முழுக்கவே இலவசமாகக் கொடுத்தார்கள். கோல் மழுங்கிக்கொண்டே வருகிறது. இரு பள்ளிகளின் ‘வறுமை விகிதம்’ என்று எங்கே பார்த்தாலும், அது எந்த ஆண்டு, எப்படி எடுத்தது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் மூன்றுக்கும் 138க்கும் நடுவே உள்ள தூரம் கோலின் பிழையால் மட்டும் வந்திருக்க முடியாது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆசியர் பங்கு மீண்டும் 60 சதவீதத்தை ஒட்டி ஏறியது. இதை இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை, இருவருக்கும் வசதியில்லாத எண் போலிருக்கிறது.

ஒரே பட்டியல், இரண்டு தீர்ப்பு

பெற்றோர் கூட்டமைப்பு ஒன்று வழக்குப் போட்டது, ஆசியரைக் குறைப்பதற்காகவே இந்த மாற்றம் என்று. 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி கிளாட் ஹில்டன் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். 2023 மே மாதம் நான்காம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திருப்பியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. நீதிபதிகள் அலிட்டோவும் தாமஸும் எதிர்ப்புப் பதிவு செய்தார்கள்.

சட்டத்தை விடுங்கள். புள்ளிவிவரம் படிப்பவருக்கு இந்த வழக்கு ஒரு பாடப்புத்தகம். மாவட்ட நீதிமன்றம் இந்த ஆண்டை முந்தைய ஆண்டோடு வைத்துப் பார்த்தது. 73லிருந்து 54, பெரும் சரிவு. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே 54ஐ விண்ணப்பித்தவர்களின் பங்கோடு வைத்துப் பார்த்தது. விண்ணப்பங்களில் ஆசியர் 48.59 சதவீதம், இடங்களில் 54.36. நாமே கணக்குப் போடலாம்: ஆசிய விண்ணப்பதாரர் சுமார் 1,474 பேரில் 299 பேருக்கு இடம், அதாவது 20 சதவீதம். எல்லோரையும் சேர்த்தால் 18 சதவீதம். அப்படிப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. எண் ஒன்றுதான், பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதில் தீர்ப்பே தலைகீழாகிவிட்டது.

அலிட்டோவின் எதிர்ப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பாரபட்சம் ரொம்பக் கடுமையாக இல்லாதவரை பரவாயில்லை என்றல்லவா இது ஆகிறது என்று கேட்டார். முன்னணியில் இருக்கும் ஒரு குழுவை விண்ணப்பப் பங்கோடு மட்டும் ஒப்பிட்டால், அதன் பிள்ளைகள் எத்தனை பேரை வேண்டுமானாலும் கழிக்க இடம் கிடைத்துவிடும். எனக்கு இரண்டு அளவுகோலும் போதவில்லை.

மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஒரு தகவல் வருகிறது. அதைத் தலைப்பாகப் போட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டிஜேயில் இடம் பெற்ற நலிந்த ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் 2020இல் ஒருவர். அடுத்த ஆண்டு 51 பேர். ‘ஆசியர் குறைந்தார்கள்’ என்ற வரிக்குள்ளேயே இந்த ஐம்பத்தொன்று ஒளிந்திருக்கிறது. ஹெர்ண்டனில் மென்பொருள் மேலாளர் வீட்டுப் பிள்ளையும், அனண்டேலில் கடைச் சிப்பந்தியின் பிள்ளையும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். கட்டத்தைப் பார்த்தால் 355 பேர் 299 ஆனார்கள். கட்டத்துக்குள் பார்த்தால் ஒரு வகை ஆசியர் குறைந்து இன்னொரு வகை ஆசியர் கூடியிருக்கிறார்கள்.

இடம் இழந்தவர்களின் மனக்குறையும் பொய்யில்லை. ரேச்சல் கார்சனில் நன்றாகப் படித்து, பழைய முறையாக இருந்தால் நிச்சயம் உள்ளே போயிருக்கக்கூடிய பிள்ளைக்கு, அதே மதிப்பெண்ணோடு பக்கத்துப் பள்ளியில் படித்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பள்ளிவாரி ஒதுக்கீடு என்றாலே இது கூடவே வரும். டெக்சாஸில் பள்ளியின் முதல் பத்து சதவீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் என்ற சட்டம் 1997இல் வந்தபின், சில குடும்பங்கள் போட்டி குறைவான பள்ளியாகப் பார்த்துப் பிள்ளையைச் சேர்த்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தரம் போச்சா?

இப்போது தரவரிசைக்கு வருவோம். புதிய முறையில் வந்த முதல் பேட்ச் 2021 இலையுதிர் காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தது. யூ.எஸ். நியூஸ் பட்டியலில் பெரிய எடை ஏபி தேர்வுகளுக்கு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்காலத்தில் எழுதித் தேறிய கல்லூரித்தரத் தேர்வுகளுக்கு. 2024இல் வந்த பட்டியல் 2021–22 கல்வியாண்டின் தரவை வைத்துப் போட்டது. அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பழைய நுழைவுத்தேர்வு எழுதி வந்தவர்கள். புதிய பேட்ச் அப்போது கீழ்த்தளத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

ஆக, பதினான்காமிடத்துக்கு அவர்களைக் குற்றவாளியாக நிறுத்துவது, மருமகள் வருவதற்கு முன்னால் உடைந்த பானைக்கு மருமகளைத் திட்டுவது போல. மாநிலத் தேர்வு மதிப்பெண்ணில் ஒன்பதாம் வகுப்பினரின் பங்கு கொஞ்சம் கலந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி எடை அவர்கள் தோளில் இல்லை. அப்புறம் உச்சியில் இருக்கும் பள்ளிகளுக்கு நடுவே வித்தியாசம் தசம எண்களில்தான். ஒன்றுக்கும் பதினான்குக்கும் இடையே இருப்பது மயிரிழை.

இன்னோர் எண் உண்டு, அது இவ்வளவு எளிதில் தட்டிவிடக்கூடியது அல்ல. நாடு தழுவிய தேர்வு ஒன்றின் மதிப்பெண்ணை வைத்துக் கொடுக்கும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு அரையிறுதிப் பட்டியலில் வரும் டிஜே மாணவர்களின் எண்ணிக்கை, புதிய முறையின் முதல் பேட்ச் அந்தத் தேர்வை எழுதிய ஆண்டில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இது தாமதமான தரவு அல்ல, அதே பிள்ளைகள்தான். ‘ஒன்றும் மாறவில்லை’ என்பவர்கள் இதைப் பார்க்காமல் போகிறார்கள்.

ஆனால் அந்தத் தேர்வு இயங்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று அரையிறுதி இடங்கள் ஒதுக்கப்படும், அதற்கேற்ப கட்-ஆஃப் போடப்படும். வெர்ஜீனியாவின் மொத்த இடம் டிஜே வாசலை மாற்றியதால் குறையாது. டிஜே பட்டியலிலிருந்து விழுந்த எண் மாநிலத்துக்குள்ளேயே வேறு பள்ளிகளின் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைகள் காணாமல் போகவில்லை. லாங்லியிலோ மெக்லீனிலோ ஓக்டனிலோ சாண்டிலியிலோ, வீட்டுக்குப் பக்கத்து உயர்நிலைப்பள்ளியில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதினார்கள். டிஜேயின் எண் இறங்கியது, அந்தப் பள்ளிகளின் எண் ஏறியது. எந்த ஆசிரியரும் மோசமாகப் பாடம் நடத்தவில்லை, யாரும் திடீரென்று நன்றாக நடத்தத் தொடங்கவும் இல்லை. அப்படியென்றால் பழைய டிஜேயின் முதலிடத்தில் எவ்வளவு பள்ளியின் உழைப்பு, எவ்வளவு வாசலின் உழைப்பு?

நியூயார்க்கில் பார்த்த கோடு

இதற்குப் பதில் தேட நல்ல இடம் நியூயார்க். அங்கே ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் உள்ளிட்ட எட்டுப் பள்ளிகளில் ஒரே ஒரு நுழைவுத்தேர்வின் மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. 1971இல் மாநிலச் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். 2019இல் ஸ்டைவசன்டில் 895 இடங்களில் கறுப்பின மாணவர்களுக்குக் கிடைத்தது 7. நகரப் பள்ளி மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக்குகளும். 2018இல் மேயர் டி பிளாசியோ ஒவ்வொரு நடுநிலைப்பள்ளியின் முதல் 7 சதவீதத்தினருக்கு இடம் என்று திட்டம் வைத்தார், மாநிலச் சட்டசபையில் நகரவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்டைவசன்டும் பழைய டிஜேயும் ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் பத்துக்கு ஏழு பேர் ஆசியர். ஆனால் ஸ்டைவசன்டில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாத பிள்ளைகள் ஏழைக் குடும்பத்தினர். சீன உணவகச் சமையற்காரர், வங்காளதேச டாக்ஸி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள். பழைய டிஜேயில் 0.62 சதவீதம். இனக் கட்டத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இரட்டைப் பிள்ளைகள், வருமானக் கட்டத்தைத் திறந்தால் ஒட்டு உறவு கிடையாது. ‘தேர்வு வைத்தால் ஏழை உள்ளே வரமாட்டான்’ என்பதற்கு டிஜே சாட்சி, ‘வருவான்’ என்பதற்கு ஸ்டைவசன்ட் சாட்சி.

சரி, உள்ளே போனால் என்ன ஆகிறது? அப்துல்காதிரோகுலு, ஆங்ரிஸ்ட், பதக் என்ற மூன்று பொருளாதார வல்லுநர்கள் பாஸ்டன், நியூயார்க் இரு நகரங்களின் தேர்வுப் பள்ளிகளையும் எடுத்துக்கொண்டு 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உத்தி அழகானது. கட்-ஆஃபுக்கு ஒரு மதிப்பெண் மேலே எடுத்து உள்ளே போனவரும், ஒரு மதிப்பெண் கீழே எடுத்து வெளியே நின்றவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பிள்ளைகள். நுழைவுத் தேர்வன்று காய்ச்சல், ஒரு கேள்வியில் அதிர்ஷ்டம், அவ்வளவுதான் வித்தியாசம். நான்கு ஆண்டு கழித்து இருவரையும் ஒப்பிட்டால், பள்ளி சேர்த்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பார்த்தார்கள். மதிப்பெண்களில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதே ஆண்டு டாபியும் ஃப்ரையரும் நியூயார்க் பள்ளிகளை மட்டும் எடுத்துக் கல்லூரிச் சேர்க்கை வரை பார்த்தார்கள், அங்கும் அதே முடிவுதான்.

இந்த ஆய்வை ‘நல்ல பள்ளி என்பதே மாயை’ என்று சிலர் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். கோட்டருகே நின்றவர்களைப் பற்றித்தான் அது பேசுகிறது, உச்சத்தில் இருக்கும் பிள்ளைக்கு டிஜேயின் ஆய்வகம் என்ன செய்கிறது என்பதை அது அளக்கவில்லை. நட்பு, தன்னம்பிக்கை, ஒரு துறைமேல் வரும் பைத்தியம், இவையெல்லாம் மதிப்பெண்ணில் வராது. ஆனால் தரவரிசையைப் பார்த்துப் பிள்ளை தூக்கத்தைக் கெடுக்கும் பெற்றோர் நம்புவது மதிப்பெண்ணைத்தானே. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் பலவீனம்.

சான் பிரான்சிஸ்கோவின் லோவெல் பள்ளியையும் இங்கே இழுப்பார்கள். அங்கே தகுதி முறையை நிறுத்திக் குலுக்கலில் எடுத்த முதல் பேட்சில், 2021 இலையுதிர்ப் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பினரில் 24.4 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பாடத்திலாவது கடைசித் தரங்களான டி அல்லது எஃப் வாங்கினார்கள். முந்தைய இரு ஆண்டுகளில் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. டிஜேயைவிட நேரடியான எண் இது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஓராண்டுக்கு மேல் வீட்டுத் திரையில் படித்துவிட்டு நேராக அங்கே வந்தவர்கள். எவ்வளவு குலுக்கல், எவ்வளவு கொரோனா என்று பிரிக்க, வாசல் மாறாத பக்கத்துப் பள்ளிகளில் அதே பருவத்தில் டி, எஃப் எவ்வளவு ஏறியது என்ற எண்ணையும் கூடவே வைக்க வேண்டும். பேச்சில் அது வருவதே இல்லை. வாக்காளர்கள் 2022இல் பள்ளி வாரிய உறுப்பினர் மூவரை வாக்கெடுப்பில் பதவியிலிருந்து நீக்கினார்கள், பழைய முறையும் திரும்பிவிட்டது.

எப்படி ஒப்பிட்டிருக்க வேண்டும்

சிறு கற்பனைக் கணக்கு ஒன்று. ‘அ’ பள்ளியில் பத்துக்கு ஒன்பது பேர் வசதியானவர்கள், சராசரி 80. மீதி ஒருவர் ஏழை, சராசரி 60. ‘ஆ’ பள்ளியில் மூன்று பேர் வசதியானவர்கள், சராசரி 84. ஏழு பேர் ஏழைகள், சராசரி 64. பள்ளிச் சராசரி போட்டால் அ 78, ஆ 70. பட்டியலில் அ மேலே. ஆனால் வசதியான பிள்ளையும் ஆவில்தான் கூடுதலாக எடுக்கிறது, ஏழைப் பிள்ளையும் ஆவில்தான் கூடுதலாக எடுக்கிறது. வீடு வாங்கும் செயலியில் இந்தச் சராசரி மட்டும் வண்ணப் பொட்டாகத் தெரியும். அ பள்ளிப் பக்கம் வீட்டு விலை ஏறும்.

1966இல் அமெரிக்க அரசுக்காக ஜேம்ஸ் கோல்மன் சுமார் 4,000 பள்ளிகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. பிள்ளையின் மதிப்பெண்ணைப் பள்ளியின் வசதியைவிடக் குடும்பப் பின்னணி கூடுதலாகச் சொல்லிவிடுகிறது என்றார். ஸ்டான்ஃபர்டின் ஷான் ரியர்டன் அதற்கு ஒரு திருத்தம் போல இன்னொன்றைக் காட்டினார். ஒரு பள்ளி மாவட்டத்தின் சராசரி மதிப்பெண் வருமானத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பது அப்படி ஒட்டிப் போவதில்லை. ஏழைகள் நிறைந்த சிகாகோவில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஐந்து ஆண்டில் பிள்ளைகள் ஆறு ஆண்டுப் படிப்பளவு முன்னேறினார்கள். எந்தத் தரவரிசையிலும் அந்த நகரப் பள்ளிகள் மேலே வராது.

டிஜேக்கு இதைப் பொருத்தினால், பார்க்க வேண்டியது நுழையும்போது இருந்த நிலைக்கும் முடிக்கும்போது இருந்த நிலைக்கும் உள்ள தூரம். அங்கேதான் உண்மையான கேள்வி இருக்கிறது. முன்பு வந்தவர்களில் பலர் அல்ஜீப்ராவைத் தாண்டி வடிவியலையும் முடித்துவிட்டு வருவார்கள். புதிய முறையில் அல்ஜீப்ரா மட்டும் முடித்துவிட்டு வருபவர் கூடுதல். பழைய வேகத்தில் நடத்தினால் அவர்கள் திணறுவார்கள், வேகத்தைக் குறைத்தால் மற்றவர்கள் சலிப்பார்கள். வாசலை மாற்றிய வாரியம் உள்ளே எத்தனை கணித வகுப்புகளைக் கூட்டியது, முதல் ஆண்டில் எத்தனை பேர் சொந்தப் பள்ளிக்குத் திரும்பினார்கள், அந்த 138 பேரில் எத்தனை பேர் கடைசி ஆண்டின் ஆய்வகம் வரை வந்தார்கள், இவைதான் எனக்கு வேண்டிய எண்கள். சேர்க்கையின்போது ஜிபிஏ சராசரி 3.9க்கு மேல் என்று நிர்வாகம் பெருமையாகச் சொன்னது. நான்குதான் உச்சவரம்பு, எல்லோர் தலையும் கூரையில் இடிக்கும்போது யார் உயரம் என்று அந்த எண் சொல்லாது.

தமிழ்நாட்டில் 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். ஃபிளெக்ஸ் நின்றதா என்று கேட்காதீர்கள். ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று வேறு சொல்லுக்கு மாறிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்து அந்த நூறு வந்தது என்பது மதிலில் எழுதப்படுவதில்லை.

2021இல் நுழைந்த டிஜே பேட்ச் 2025 கோடையில் பள்ளியை விட்டுப் போய்விட்டது. பட்டியல் ஓடும் வேகத்தைப் பார்த்தால், அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் காட்டியது தரவரிசைக்குள் முழுதாகக் கலக்க அதிலிருந்து இரண்டு ஆண்டு ஆகும். அன்றைக்கு எண் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு வரும். 486 பேராக இருந்த பேட்ச் 550 ஆனதையும், மூன்று பேர் 138 ஆனதையும், வெளியே நின்ற பிள்ளைகள் இப்போது எந்தப் பள்ளியின் கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும் அந்தப் பக்கத்தில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துப் போட இடமிருக்கிறது. போட்டதை நான் இதுவரை பார்க்கவில்லை.